விடைக்குப் பிறகும் விடாத புதிர்

லண்டனில் வெளிவந்துகொண்டிருந்த 'ஸ்ட்ராண்ட்' மாத இதழில், 1914 டிசம்பரில், ஹென்றி டியூடனி சில புதிர்களை எழுதியிருந்தார். கிராமத்து விடுதி ஒன்றில் கூடியிருப்பவர்கள் ஒருவருக்கொருவர் புதிர் போட்டுக்கொள்வதாக அமைப்பு. அவர்களில் ஒருவர், தனக்குத் தெரிந்த கனவான் ஒருவரின் பெல்ஜிய நண்பரைப் பற்றிச் சொல்கிறார். நண்பரின் வீடு லூவேன் நகரில் ஒரு நீண்ட தெருவில் இருந்தது. தெருவின் அந்தப் பக்கத்து வீடுகளுக்கு 1, 2, 3 என்று வரிசையாக எண்கள். நண்பர் வீட்டுக்கு இடப்பக்கத்து எண்களைக் கூட்டினால் என்ன தொகையோ, வலப்பக்கத்து எண்களைக் கூட்டினாலும் அதே தொகை. வீடுகள் ஐம்பதுக்கு மேல், ஐந்நூறுக்குள். அப்படியானால் நண்பரின் வீட்டு எண் என்ன?

அந்த லூவேனை ஜெர்மன் படை ஆகஸ்ட் கடைசியில்தான் கொளுத்தியிருந்தது. பல்கலைக்கழக நூலகமே சாம்பலாகியிருந்தது. இங்கிலாந்து முழுவதும் அதே பேச்சாக இருந்த நேரத்தில், எரிந்த ஊரின் வீட்டு எண்ணை வைத்துக் கிறிஸ்துமஸ் மாதத்துக்கு ஒரு கணக்கு விளையாட்டு! டியூடனி கல்லூரி வாசலை மிதிக்காதவர். பதின்மூன்று வயதிலேயே குமாஸ்தா வேலைக்குப் போனவர். எந்தச் செய்தியிலும் ஒரு கணக்கு ஒளிந்திருக்கும் என்று பார்க்கிற கண் அவருக்கு வாய்த்திருந்தது.

கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த பிரசாந்த சந்திர மஹலநோபிஸ் இந்தப் புதிரைச் சில நிமிடங்களில் போட்டுப்பார்த்து விடை கண்டுபிடித்தார். பிறகு, அந்த ஆண்டு ஏப்ரலில் சென்னையிலிருந்து வந்திருந்த ராமானுஜனின் அறைக்குப் போனார். ராமானுஜன் அடுப்பில் காய்கறியைக் கிளறிக்கொண்டிருந்தார். மஹலநோபிஸ் புதிரைப் படித்துக் காட்டினார். கிளறுவதை நிறுத்தாமலே ராமானுஜன், எழுதிக்கொள்ளும்படி சொல்லி, பின்னத்துக்குள் பின்னமாக நீளும் ஒரு தொடர் பின்னத்தை ஒப்பித்தார். அதில் லூவேன் தெருவின் விடை மட்டுமல்ல, இந்த நிபந்தனைக்குப் பொருந்தும் எல்லாத் தெருக்களின் விடைகளும் அடங்கியிருந்தன. எப்படித் தோன்றியது என்று கேட்டதற்கு, கேள்வியைக் கேட்டதுமே விடை ஒரு தொடர் பின்னம் என்பது தெரிந்துவிட்டது, எந்தப் பின்னம் என்று யோசித்தேன், வந்துவிட்டது என்ற பொருளில் பதில் சொன்னாராம்.

ராமானுஜனைப் பற்றிய கதைகளில் இதுவும் 'மேதையின் அற்புதம்' என்ற கணக்கில் சேர்ந்துவிட்டது. அது போகட்டும். புதிரைத்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஐம்பது வீட்டு நிபந்தனையை எடுத்துவிட்டால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூட ஒரு விடையைக் கண்டுபிடித்துவிடும். எட்டு வீடுகள் உள்ள தெருவில் ஆறாம் எண் வீடு: ஒன்று முதல் ஐந்து வரை கூட்டினால் 15, ஏழும் எட்டும் சேர்ந்தாலும் 15. அடுத்தது 49 வீட்டுத் தெருவில் 35ஆம் எண். அதற்கடுத்தது 288 வீடுகளில் 204. லூவேன் நண்பரின் வீடு இதுதான்.

இப்போது ஒரு சிறு வேலை. வீடுகளின் எண்ணிக்கையை இரட்டித்து ஒன்று கூட்ட வேண்டும். வீட்டு எண்ணை இரட்டிக்க வேண்டும். முதலாவதை இரண்டாவதால் வகுக்க வேண்டும். எட்டு வீட்டுத் தெரு 17/12 தரும். அடுத்தது 99/70. லூவேன் தெரு 577/408. இந்தப் பின்னங்கள் ஒவ்வொன்றும் இரண்டின் வர்க்கமூலத்தை முந்தையதைவிட இன்னும் நெருங்குகின்றன. வேள்விக் குண்டத்துக்குச் செங்கல் அடுக்கும் முறையைச் சொல்லும் பழைய சுல்ப சூத்திரங்களில், சதுரத்தின் மூலைவிட்டத்துக்குத் தரப்பட்டிருக்கும் அளவைக் கூட்டிப்பார்த்தால் கிடைப்பதும் இதே 577/408தான். தசமப் புள்ளிக்குப் பின் ஐந்து இடங்கள் வரை சரியான மதிப்பு. எரிந்துபோன பெல்ஜியத் தெருவிலிருந்து வேதகாலத்துச் செங்கல் மேடை வரை ஒரே சமன்பாடு நீள்கிறது.

நல்ல புதிருக்கு இதுவே அளவுகோல். விடை தெரிந்த பிறகு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்தால் போதும். விடையோடு செத்துப்போகிற புதிர் வெறும் பொழுதுபோக்கு, அதிலும் குற்றமில்லை. ஆனால் கணக்கின் இன்பத்தைப் பிறரோடு பகிர்ந்துகொள்ள நினைப்பவர்கள் தேட வேண்டியது மற்றதை.

லூவேன் தெருவுக்குப் பின்னால் இருக்கும் வகைச் சமன்பாட்டைப் புதிராகப் போடுவது பழைய வழக்கம். 628ஆம் ஆண்டில் பிரம்மகுப்தர் ஒரு சவால் விட்டார்: ஓர் எண்ணின் வர்க்கத்தை 92ஆல் பெருக்கி ஒன்று கூட்டினால், வருவதும் ஒரு வர்க்கமாக இருக்க வேண்டும், ஓர் ஆண்டுக்குள் இதைச் செய்து காட்டுபவரே கணிதர். விடை 120. அதாவது 92ஐ 14,400ஆல் பெருக்கி ஒன்று சேர்த்தால் 13,24,801. அது 1151இன் வர்க்கம். 'ஓர் ஆண்டுக்குள்' என்ற கெடுவில் தெரிகிற குறும்பைக் கவனிக்க வேண்டும். பாடம் நடத்துகிறவர் அப்படிப் பேசமாட்டார், பந்தயம் கட்டுகிறவர்தான் பேசுவார். ஆயிரம் ஆண்டுகள் கழித்து, 1657இல், பிரான்சின் ஃபெர்மா 92க்குப் பதில் 61 என்று மாற்றி ஐரோப்பியக் கணிதர்களைச் சீண்டினார். அதே 61ஐ பாஸ்கரர் 12ஆம் நூற்றாண்டிலேயே தீர்த்துவைத்திருந்தார் என்பது ஃபெர்மாவுக்குத் தெரியாது. தேட வேண்டிய மிகச்சிறிய எண் 22,61,53,980. சின்னக் கேள்வி, ஒன்பது இலக்க விடை. கேட்டவர் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்திருக்கும் என்று நம்பலாம்.

தமிழில் இந்தக் குறும்பின் வீடு காரிநாயனாரின் கணக்கதிகாரம். நிலம், பொன், நெல் என்று அளவைகளைச் சொல்லும் நடைமுறை நூல்தான் அது. நடுவே பூசணிக்காயை உடைக்காமல் உள்ளே எத்தனை விதை என்று சொல்ல ஒரு வெண்பா வழி காட்டுகிறது. காயின் மேலுள்ள கீற்றுகளை எண்ணு, மூன்றால் பெருக்கு, ஆறால் பெருக்கு, ஐந்தால் பெருக்கு, பாதியைத் தள்ளு, மூன்றால் வகு. சுற்றிச்சுற்றி வந்த இந்த ஆறு படிகளையும் சுருக்கினால், கீற்றின் எண்ணிக்கையைப் பதினைந்தால் பெருக்கு என்ற ஒரே வரிதான் மிஞ்சுகிறது. இவ்வளவு சுற்று எதற்கு? வெண்பாவின் ஓசைக்காக இருக்கலாம். கேட்கிறவன் விரலை மடக்கி மடக்கித் திணறட்டும் என்பதற்காகவும் இருக்கலாம். தொண்ணூறால் பெருக்கி ஆறால் வகுப்பதும் பதினைந்தால் பெருக்குவதும் ஒன்றே என்று ஒரு மாணவன் கண்டுபிடிக்கும் கணத்தில், பூசணிக்காயைவிடப் பெரிய ஒன்று உடைபடுகிறது. விதை எண்ணிக்கை சரியாக வருமா என்பது வேறு கேள்வி. அதற்குக் கத்தியும் ஒரு காயும் வேண்டும், கூட்டு வைக்க ஆளும் வேண்டும்.

முக்கால், அரை, கால், அரைக்கால், மாகாணி, ஒருமா என்று பின்ன வாய்பாட்டை மனப்பாடம் செய்த சமூகத்துக்கு அதைக் கொண்டே சிரிக்கவும் தெரிந்திருந்தது. காளமேகப் புலவரின் பேரில் வழங்கும் வெண்பா ஒன்று இந்தப் பின்னங்களை இறங்குவரிசையில் அடுக்கிச் செல்கிறது. அதே சொற்கள் ஊன்றுகோலாகிய மூன்றாம் காலையும், முன்தலை நரையையும், இருமலையும், சுடுகாட்டையும் குறித்து, கடைசியில் காஞ்சியின் ஒற்றை மாமரத்தடியில் கொண்டுபோய் நிறுத்துகின்றன. எண்சுவடியை உருப்போட்ட பையனுக்கு அது உடனே புரிந்திருக்கும். இன்றைய வாசகருக்கு உரை வேண்டியிருக்கிறது. நகைச்சுவை எவ்வளவு தூரம் பொது அறிவின் மேல் நிற்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

புத்தகத்தில் ஏறாத ஒன்றும் உண்டு. தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன எவருக்கும் இது தெரியும்: "மனசுல ஒரு தொகை நினைச்சுக்கோ. அதே அளவு பணம் நண்பன்கிட்ட கடன் வாங்கு. நான் பத்து ரூபாய் தர்றேன். மொத்தத்துல பாதியைக் கோயில் உண்டியல்ல போடு. நண்பன் கடனைத் திருப்பிக் குடு. மிச்சம் அஞ்சு ரூபாய், சரியா?" முதல் தடவை கேட்கும் பிள்ளை வாயைப் பிளக்கும். இரண்டாம் தடவை வேறு தொகை நினைக்கும். மூன்றாம் தடவை, பத்துக்குப் பதில் இருபது கொடுத்தால் என்ன ஆகும் என்று தானே கேட்கும். அங்கே இயற்கணிதம் பிறந்துவிட்டது. நினைத்த தொகை எதுவானாலும் நண்பன் தந்ததும் அவனிடம் திரும்பிப் போவதும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. கொடுத்த பத்தில் பாதி மட்டும் தங்குகிறது. எட்டாம் வகுப்பில் 'எக்ஸ்' என்ற எழுத்தைக் கண்டு மிரளுகிற பிள்ளையிடம், அது அந்த நண்பனின் பணம்தான் என்று சொல்லிப் பார்க்கலாம்.

கணிதர்களின் சிரிப்புக் கதைகளுக்கு இன்னொரு குணம் உண்டு. பெரும்பாலும் தங்களைத் தாங்களே கிண்டல் செய்துகொள்வார்கள். பரவலாக வழங்கும் ஒன்று: ஓர் உயிரியலாளர், ஓர் இயற்பியலாளர், ஒரு கணிதர் மூவரும் எதிரே உள்ள காலி வீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இருவர் உள்ளே போகிறார்கள்; சற்று நேரம் கழித்து மூவர் வெளியே வருகிறார்கள். இனப்பெருக்கம் நடந்திருக்கிறது என்கிறார் உயிரியலாளர். முதலில் எண்ணியதில் பிழை என்கிறார் இயற்பியலாளர். கணிதர் சொல்கிறார்: "இன்னும் ஒருவர் உள்ளே போனால் வீடு காலியாகிவிடும்."

சிரித்து முடித்த பிறகு யோசித்தால், கணிதர் சொன்னதில் கணக்குப் பிழை எதுவும் இல்லை. கழித்தல் ஒன்றோடு ஒன்றைக் கூட்டினால் சுழி. அந்தக் கழித்தல் ஒன்று, ஆட்களாக இருக்க முடியாது என்பதுதான் சிக்கல். பிரம்மகுப்தர் இதைக் கடன் என்று புரியவைத்து விதிகளும் எழுதிவிட்டார். அதற்கு ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, 1758இல், இங்கிலாந்தின் ஃபிரான்சிஸ் மசேரெஸ் எதிர்ம எண்களே இயற்கணிதத்துக்கு வேண்டாம் என்று வாதாடிப் புத்தகம் எழுதினார். ஒரு மேல்நாட்டு அறிஞரை அவ்வளவு குழப்பிய கருத்து, நான்கு வரி நகைச்சுவைக்குள் அடங்கிக் கிடக்கிறது.

கணக்கின் இன்பத்தைப் பிறரோடு பகிரும் வேலையை இருபதாம் நூற்றாண்டில் ஒரே ஆளாகச் செய்தவர் மார்ட்டின் கார்ட்னர். 1914இல் அமெரிக்காவின் டல்சாவில் பிறந்தவர், படித்தது தத்துவம், கணிதம் உயர்நிலைப் பள்ளியோடு சரி, மனம் லயித்தது மாயாஜால வித்தையில். 1956 டிசம்பரில், காகிதப் பட்டையை மடித்துத் திருப்பத் திருப்பப் புதுமுகம் காட்டும் அறுகோண விளையாட்டைப் பற்றி 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் எழுதினார். அது பிடித்துப்போய் 1957 ஜனவரியிலிருந்து மாதப் பகுதி ஒன்று தந்தார்கள். சுமார் 25 ஆண்டுகள் எழுதினார். தனக்கே புரிய வெகுநேரம் பிடித்ததால்தான் மற்றவர்களுக்குப் புரியும்படி எழுத முடிந்தது என்பது அவர் கருத்து. இதைத் தன்னடக்கம் என்று தள்ளிவிடக் கூடாது. ஏற்கெனவே எல்லாம் தெரிந்தவர் வாசகர் எங்கே தடுக்குவார் என்பதை மறந்துவிடுகிறார்.

1975 ஏப்ரலில் கார்ட்னர் தன் வாசகர்களை நன்றாக ஏமாற்றினார். எப்படியோ எவர் கவனத்துக்கும் வராமல்போன ஆறு மாபெரும் கண்டுபிடிப்புகள் என்று ஒரு கட்டுரை. லியனார்டோ டாவின்சி தண்ணீர் ஊற்றும் கழிவறையைக் கண்டுபிடித்தார் என்பது ஒன்று. எந்த நிலப்படத்தையும் நான்கு வண்ணங்களில் தீட்டலாம் என்ற ஊகம் பொய்த்துவிட்டது, இதோ ஐந்து வண்ணம் வேண்டும் படம் என்று 110 பகுதிகள் கொண்ட ஒரு வரைபடம் இன்னொன்று. வாசகர்கள் வண்ணப் பென்சிலோடு உட்கார்ந்தார்கள்; நான்கே வண்ணத்தில் தீட்டி அனுப்பினார்கள். ஏப்ரல் முட்டாள்களாக ஆனாலும், நான்கு வண்ணச் சிக்கல் ஏன் கடினம் என்பதைக் கைவலிக்கத் தெரிந்துகொண்டவர்கள் அவர்கள். மறு ஆண்டே அப்பெலும் ஹாக்கெனும் கணினித் துணையோடு அந்த ஊகத்தை நிறுவினார்கள்.

அந்தக் கட்டுரையில் ராமானுஜனும் இருந்தார். 163இன் வர்க்கமூலத்தை 'பை' என்ற மாறிலியால் பெருக்கி, அந்தப் பெருக்கற்பலனை 'இ' என்ற மாறிலியின் அடுக்காக ஏற்றினால் முழு எண் வரும் என்று ராமானுஜன் 1914இல் ஊகித்ததாகவும், அதை 'ஜான் பிரில்லோ' என்பவர் நிறுவிவிட்டதாகவும் கார்ட்னர் கதை கட்டினார். அந்நாளைய கையடக்கக் கணிப்பான்களால் அந்தப் பொய்யைப் பிடிக்க முடியாது. உண்மை மதிப்பின் முழு எண் பகுதி 262537412640768743. தசமப் புள்ளிக்குப் பின் பன்னிரண்டு ஒன்பதுகள் வந்த பிறகுதான் வேறு இலக்கம் தலைகாட்டுகிறது. ராமானுஜனின் 1914ஆம் ஆண்டுக் கட்டுரையில் இதே ஜாதி எண்கள் உண்டு. 163 மட்டும் இல்லை. பிரான்சின் எர்மித்துக்கு அது 1859இலேயே தெரியும். ஆனாலும் இன்று உலகம் அதை 'ராமானுஜன் மாறிலி' என்றே அழைக்கிறது. ஒரு கேலி, பெயராக நிலைத்துவிட்டது.

ஏன் 163? முழு விளக்கத்துக்கு உயர் கணிதம் வேண்டும். அதன் வால் மட்டும் பள்ளிக்கூடத்துக்குள் நீண்டிருக்கிறது. ஓர் எண்ணையும் அதன் வர்க்கத்தையும் கூட்டி அதோடு 41 சேர்க்கச் சொன்னார் ஆய்லர். சுழியில் தொடங்கினால் 41, 43, 47, 53, 61 என்று வருகிறது. எல்லாம் பகா எண்கள். 39 வரை, நாற்பது முறையும், பகா எண்ணே வருகிறது. இனி என்றைக்கும் இப்படித்தான் என்று நம்பத் தொடங்கும்போது, 40ஐ வைத்தால் 1681 வருகிறது. அது 41இன் வர்க்கம். 41ஐ நான்கால் பெருக்கி ஒன்று குறைத்தால் 163. இரண்டுக்கும் உறவு அங்கேதான் இருக்கிறது. நாற்பது சான்றுகள் இருந்தும் நிரூபணம் ஏன் வேண்டும் என்பதைப் பத்துப் பக்க விரிவுரையைவிட இந்த ஒரு கவிழ்ப்பு நன்றாகச் சொல்லும். இடையே ஒரு தகவல்: டியூடனியின் தெருக்களில் லூவேனுக்கு அடுத்த தெருவில் உள்ள வீடுகளும் சரியாக 1681தான். நண்பர் வீட்டு எண் 1189.

கார்ட்னரின் பகுதி எங்கெல்லாம் போய்ச் சேர்ந்தது என்பதற்கு மார்ஜரி ரைஸ் போதும். கலிபோர்னியாவில் வீட்டைக் கவனித்துக்கொண்டிருந்த தாய். உயர்நிலைப் பள்ளிக்கு மேல் கணிதம் படிக்காதவர். மகனுக்காக வாங்கிய இதழில், இடைவெளி விடாமல் தரையில் பதிக்கக்கூடிய குவிந்த ஐங்கோண டைல்களைப் பற்றிக் கார்ட்னர் 1975இல் எழுதியதைப் படித்தார். மொத்தம் எட்டு வகைதான் என்று கணிதர் ஒருவர் 1968இல் அறிவித்திருந்தார். கார்ட்னரின் கட்டுரையைப் படித்த ஒருவர் ஒன்பதாவதைக் கண்டுபிடித்தார். ரைஸ் தனக்கென்று குறியீடுகளை உண்டாக்கிக்கொண்டு, சமையலறை மேடையில் படங்கள் வரைந்து, 1977க்குள் மேலும் நான்கு வகைகளைக் கண்டுபிடித்தார். 2015இல் பதினைந்தாவது வகை கிடைத்தது. அதற்கு மேல் கிடையாது என்று மிஷேல் ராவ் 2017இல் கணினி வழி நிரூபணம் தந்தார். ரைஸுக்குக் கணக்கை எளிமைப்படுத்திக் கொடுத்தவர் யாரும் இல்லை. முழுக் கடினத்தோடு, ஆனால் கையில் எடுத்துப் பார்க்கும்படியாகக் கொடுத்தார்கள்.

நம்மூரில் கணக்கை இனிமையாக்குவதாகச் சொல்லிக்கொள்ளும் பல முயற்சிகள் இங்கேதான் சறுக்குகின்றன. மேடையில் ஒரு சிறுவன் ஆறு இலக்கப் பெருக்கலை நொடியில் சொல்கிறான். கூட்டம் கை தட்டுகிறது. எப்படி என்று யாருக்கும் தெரியவில்லை. பார்த்தவர்கள் வீட்டுக்கு வியப்பை எடுத்துப்போகிறார்கள், கணக்கை எடுத்துப்போகவில்லை. காரணத்தை மூடிவைப்பது வித்தைக்காரனின் தொழில் தர்மம். ஆசிரியருக்கு அது பொருந்தாது.

பழைய பதினேழு ஒட்டகக் கணக்கை எடுத்துக்கொள்ளலாம். மூத்தவனுக்குப் பாதி, நடுவனுக்கு மூன்றில் ஒன்று, இளையவனுக்கு ஒன்பதில் ஒன்று என்று அப்பா எழுதிவைத்துவிட்டுப் போகிறார். வழிப்போக்கர் தன் ஒட்டகத்தையும் சேர்த்துப் பதினெட்டாக்கி, 9, 6, 2 என்று பிரித்துக் கொடுத்து, தன் ஒட்டகத்தில் ஏறிப் போய்விடுகிறார். வகுப்பில் இதைச் சொல்லிப் 'பார்த்தீர்களா புத்திசாலித்தனம்!' என்று முடிப்பதுதான் வழக்கம். முடிக்காமல் நீட்டினால், அப்பாவின் பங்குகளைக் கூட்டினால் பதினெட்டில் பதினேழுதான் வருகிறது, மீதியை அவர் யாருக்கும் எழுதிவைக்கவே இல்லை என்பது தெரியவரும். உடனே அடுத்த கேள்வி: வேறு எந்தெந்த எண்ணிக்கைக்கு இந்த உபாயம் பலிக்கும்? பாதி, மூன்றில் ஒன்று, எட்டில் ஒன்று என்றால் 23 ஒட்டகங்கள். எட்டுக்குப் பதில் ஏழு என்றால் 41. பிள்ளைகள் தாங்களாகவே மாடு, ஆடு, லாரி என்று புதுப்புது உயில்களை எழுதத் தொடங்கிவிடுவார்கள்.

லாட்ஜ் கணக்கும் அப்படியே. மூன்று பேர் தலா நூறு கொடுத்து அறை எடுக்கிறார்கள். வாடகை 250தான் என்று மேனேஜர் ஐம்பதைத் திருப்பி அனுப்புகிறார். ரூம் பாய் இருபதை அமுக்கிக்கொண்டு ஆளுக்குப் பத்து கொடுக்கிறான். ஆளுக்குத் தொண்ணூறு வீதம் 270, பையனிடம் 20, ஆக 290. பத்து ரூபாய் எங்கே? பத்து எங்கும் போகவில்லை. அந்த 270க்குள்ளேயே பையனின் இருபது இருக்கிறது. செலவோடு செலவின் ஒரு பகுதியை மறுபடி கூட்டுவதுதான் தில்லுமுல்லு. வரவு செலவுக் கணக்கில் எதை எதோடு கூட்டலாம் என்ற பாடம் முழுவதும் இதில் இருக்கிறது. ஆனால் கேட்டவன் ஒரு ராத்திரியாவது அந்தப் பத்து ரூபாயைத் தேடியிருக்க வேண்டும்; உடனே சொல்லிவிட்டால் பாடமும் போய்விடும்.

டியூடனி 1902இல் போட்ட இன்னொரு புதிர், சமபக்க முக்கோணம் ஒன்றைத் துண்டுகளாக வெட்டிச் சதுரமாக அடுக்கச் சொன்னது. நான்கு துண்டில் முடியும் என்று அவரே காட்டினார். மூன்று துண்டில் முடியாது என்பதை ஜப்பானிய, அமெரிக்கக் கணிதர்கள் மூவர் நிறுவியது 2024இல்தான். நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் அந்தக் கேள்வி உயிரோடு இருந்திருக்கிறது.

கார்ட்னர் தன் புதிர்களின் விடையை அடுத்த மாதம்தான் தருவார். நம் நாளிதழ்களும் சிறுவர் மலர்களும் புதிருக்குக் கீழேயே விடையைத் தலைகீழாக அச்சிட்டுவிடுகின்றன. பிள்ளை செய்தித்தாளைத் திருப்புவதோடு கணக்கு முடிகிறது. இதழாசிரியர்கள் அந்த இரண்டு வரியை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்தால் போதும். ஒரு வாரம் வீட்டில் சண்டை நடக்கட்டும்.